வேலூரில் எந்த வாடகைச் சொத்தை வைத்தால் சுலபமாகக் கடன் கிடைக்கும்?

சத்துவாச்சாரியில் ஒரு வாடகை வீடு, காட்பாடியில் மாணவர்களுக்கு விடும் அறைகள், சிஎம்சி மருத்துவமனை பக்கம் ஒரு சிறிய லாட்ஜ். இவற்றில் எதை அடமானம் வைத்தால் பணம் சீக்கிரம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயங்காமல் சத்துவாச்சாரி வீட்டைச் சொல்வேன். நாளைக்கே விற்றாலும் வாங்க ஆள் உண்டு என்பதைத்தான் வங்கி முதலில் பார்க்கும். அதன் மேல் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தால் அதே வங்கியில் டாப்-அப், அதாவது அந்தக் கடனுக்கு மேல் கூடுதல் கடன், கேளுங்கள். புது அடமானக் கடனைவிட வட்டி பெரும்பாலும் குறைவு.

காட்பாடி அறைகளில்தான் சிக்கல். விஐடி பல்கலைக்கழகம் இருப்பதால் வாடகை நன்றாக வரும், ஆனால் ரொக்கமாக வாங்கி வருமான வரிக் கணக்கில் காட்டாத பணத்தை வங்கி வருமானமாகவே எடுக்காது. இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி நாலு மாடி கட்டியிருந்தால், மேல் மாடிகளுக்கு மதிப்பே போடாமல் விடலாம், மொத்தமாக மறுக்கவும் செய்யலாம். இதைக் கடைசியில் தெரிந்துகொண்டு தவிக்காதீர்கள். அனுமதி வாங்கிய கட்டட வரைபடத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

லாட்ஜ் வணிகச் சொத்து. உரிமம், வரிக்கணக்கு எல்லாம் கேட்பார்கள், சொத்து மதிப்பில் கடனாகத் தரும் பங்கும் குறையும். அதே இடத்தை ஒரு வங்கிக் கிளைக்கோ பெரிய நிறுவனத்துக்கோ பதிவு செய்த நீண்ட குத்தகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. வரப்போகும் வாடகையை வைத்தே கடன் தருவார்கள்.

அப்புறம், பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா? அப்பா பெயரிலேயே இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றுவதுதான் முதல் வேலை.