சான் பிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பு: வாசகர் கேள்வி பதில் (கேட்டவரின் ஊர் முன்னால்)

பசிபிகா: தோட்டத்தில் சிவப்புக் கோடு போட்ட பாம்பைக் கண்டோம். அந்த அரிய பாம்புதானா, ஐயா?

பதில்: இருக்கலாம், அம்மா. முதுகின் நடுவே பச்சை கலந்த மஞ்சள் பட்டை, அதன் இருபுறமும் கறுப்பு, பிறகு சிவப்பு, மீண்டும் கறுப்பு. அந்தச் சிவப்பு பெரும்பாலும் அறுபடாமல் ஓடும். கறுப்பு ஊடே புகுந்து சிவப்பைத் துண்டு துண்டாக நறுக்கியிருந்தால் அது பக்கச்சிவப்புக் கார்ட்டர், நெருங்கிய உறவினம். சான் மேட்டியோ மாவட்டத்தின் தென்கிழக்கில் இரண்டும் கலந்த பாம்புகளும் உண்டு; அங்கே புகைப்படத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இடத்தையும் பாருங்கள். கோரை மண்டிய நன்னீர்க் குளம், வெயில் காயப் புல்மேடு, பதுங்க எலிவளை மூன்றும் அருகருகே வேண்டும். குளத்தில் தவளை இல்லையென்றால் பாம்பும் நிலைக்காது. கையில் எடுக்காதீர்கள்; 1967 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிரினம்.

ஃப்ரீமான்ட்: எங்கள் வீட்டிலும் சிவப்புக் கோடுதான்!

பதில்: சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் எதிர்க்கரையில் இது கிடையாது. சான் மேட்டியோ மாவட்டம், சான்டா குரூஸின் வடமுனை, அவ்வளவுதான்.

சான் புருனோ: முட்டை எங்கே இடும்?

பதில்: இடாது, குட்டி போடும். நம் தமிழ்நாட்டுத் தண்ணீர்ப் பாம்பு முட்டையிடுவதால் வரும் குழப்பம் இது.

டேலி சிட்டி: பாம்புக்காகப் பசிபிகாவின் ஷார்ப் பார்க் கோல்ஃப் திடலை மூடச் சொல்வது நியாயமா? கடல் தடுப்பு எழுப்பியதால்தானே அங்கே உப்பு நீர் நன்னீரானது, தவளையும் வந்தது?

பதில்: திடல் 1932இல் திறக்கப்பட்டது, நன்னீர் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் வெள்ளத்தை வடிக்கப் பம்பு போட்டால் நீர்மட்டம் இறங்கி, தவளை முட்டைகள் கரையில் காய்ந்துவிடும். புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பாம்பைத் தெரியாது.

டேலி சிட்டி: அப்படியானால் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தையும் மூடுவீர்களா?

பதில்: அதன் மேற்கேயுள்ள சுமார் 180 ஏக்கர் ஈரநிலத்தில்தான் இந்தப் பாம்பு மிகச் செழிப்பாக இருக்கிறது. ஓடுதளம் பக்கத்தில் இருந்தும் குளத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். நான் கேட்பதும் அதுதான்: கோல்ஃப் திடலின் தாழ்ந்த குழிகளைக் குளத்துக்கு விட்டுக்கொடுங்கள், மேட்டில் ஆடுங்கள்.

சான் ஹோசே: சிவப்புக் கோடு...

பதில்: ஃப்ரீமான்ட்காரருக்குச் சொன்னதே.

சான் மேட்டியோ: மகன் வளர்க்க ஆசைப்படுகிறான். எந்தக் குளம் என்று சொல்லுங்கள், அண்ணா.

பதில்: குளத்தின் பெயரை யாருக்கும் சொல்வதில்லை, பிடித்து விற்பவர்களும் இதைப் படிப்பார்கள். பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே எழுதினேன். பையனை மோரி பாயின்ட்டுக்கு அழைத்துப் போங்கள், பாதையை விட்டு இறங்காமல்.