மைனரும் பி கியரும்

அன்புள்ள தம்பிக்கு,

'பழைய மொரிஸ் மைனர் காரை யாராவது சும்மா கொடுத்தாலும் மலைநாட்டு ரோட்டில் ஓட்ட மாட்டேன்' என்று போன மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். தலவாக்கலை ஹயர் கார் டிரைவரின் மகன் எழுதுகிற வரியா இது?

என்னிடம் 1959ஆம் ஆண்டு மைனர் ஒன்று இருக்கிறது. பிளேட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள பழைய 1 ஸ்ரீ நம்பர். அப்பா வாங்கியது. இந்த ஏப்ரல் சீசனுக்கு நாங்கள் நாலு பேர் நுவரெலியா போனோம். என் மைனர், ஒரு ஒஸ்டின் ஏ 40, ஒரு பீஜோ 203, ஒரு பீட்டில். வாவிக்கரையில் நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. புதிய ஹோண்டா வெசல் காரில் வந்த ஒரு பையன், "அங்கிள், இதுல ஏசி இருக்கா?" என்று கேட்டான். அங்கே தொடங்கியது வாக்குவாதம். "ஐம்பது வருஷம் கழித்து உன் வெசல் எங்கே இருக்கும்?" என்று நான் கேட்டேன். "உங்க கார் காலையில ஹக்கலை ஏத்தத்துல பொனட்டைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்தேனே" என்றான். உண்மைதான், கொதித்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன், இன்று வருகிறவை எல்லாம் கார்களா? பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கம்பியூட்டர். அந்தக் காலத்து இரும்பு எங்கே, ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை வைத்துக்கொண்டு நாமே திருத்திய காலம் எங்கே?

மகள் மைனரை விற்றுவிட்டு ஒரு டொயோட்டா அக்வா ஹைப்ரிட் கார் வாங்கச் சொல்கிறாள். நீங்களும் அவள் கட்சியா?

க. (ஓய்வுபெற்ற அதிபர்)
பண்டாரவளை

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். தினமும் ஓட்ட மாட்டேன், அவ்வளவுதான்.

மைனர் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான் அப்படி எழுதினேன். அப்பா ஓட்டியது மைனர் 1000. 948 சிசி, 37 குதிரைத்திறன். கார் அப்பாவுடையது இல்லை, டவுனில் துணிக்கடை வைத்திருந்த முதலாளியுடையது. அவருக்கு முன் ஒரு தோட்டத் தொரையிடம் இருந்ததாம். காலையில் அப்பா சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று அடிக்கும். அவர் உடனே ஸ்டார்ட் பண்ண மாட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காது கொடுப்பார். சத்தம் இடைவெளி விட்டு விட்டு நின்றால், பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேட்டர் நிறைந்துவிட்டது, ஸ்டார்ட் பண்ணலாம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று டேங்கில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கேயோ ஒழுகுகிறது. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரிய வேண்டியதில்லை.

உங்கள் காரிலும் 'கை' இருக்கும். 1961க்கு முந்திய மைனர்களில் திரும்பும்போது கதவுகளுக்கு நடுத் தூணிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் கை வெளியே நீளுமே, அது. பனி மூட்டத்தில் ஈரம் ஏறினால் அந்தக் கை சிக்கிக்கொள்ளும். சுவிட்சைப் போட்டால் உள்ளே 'கிர்' என்று ஒரு சத்தம் வரும், கை வராது. பின் சீட்டில் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவது என் வேலை. அப்பா "வலது" என்பார். நான் தூணில் ஒரு குத்து விடுவேன். கை வெளியே குதிக்கும். எனக்குத் தெரிந்த முதல் மோட்டார் தொழில்நுட்பம் அதுதான். ஹீட்டர் கிடையாது, கண்ணாடியைப் பனி மூடிக்கொள்ளும். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டிக் கண்ணாடியில் தேய்ப்போம். எங்கள் பக்கம் உருளைக்கிழங்குக்குப் பஞ்சமா?

ஒரு ராத்திரி. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் ஓர் அக்காவுக்குப் பிரசவ வலி. தோட்டத்து லொறி ரிப்பேர். யாரோ டவுனுக்கு ஓடிவந்து அப்பாவை எழுப்பினார்கள். நானும் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். தொழிலாளர் குடியிருக்கும் லயம் பள்ளத்தில், ரோடு மேலே. அக்காவையும் அவளுடைய அம்மாவையும் பின் சீட்டில் ஏற்றி, கூட வர நின்றவர்களையும் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் தூக்கினார். பாதி ஏற்றத்தில் என்ஜின் மூச்சு விட்டது. அந்த உயரத்தில் காற்று மெல்லிசு. நுவரெலியாவில், 1,868 மீட்டரில், காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ள 37இல் கொஞ்சத்தை மலையே எடுத்துக்கொள்ளும். அப்பா எல்லாரையும் இறங்கச் சொன்னார், பின் சீட்டில் இருந்த இரண்டு பேரைத் தவிர. காரை மெதுவாகக் கீழே விட்டு, லயத்து வாசலில் திருப்பி, ரிவர்ஸில் மேலே ஏற்றினார். மைனரில் ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிட இழுவை கூடியது. பின் சீட்டில் ஆள் இருந்தால் பின் சக்கரமும் வழுக்காமல் பிடிக்கும். கதவைத் திறந்து, உடம்பை வெளியே வளைத்து, பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நானும் மற்றவர்களும் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தோம். அதாவது, பின்னால்.

லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் வேன் ஓட்டுகிறான், ஓட்டோ கியர்.

இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும், 'பார்த்தீர்களா, அந்தக் காலத்துக் கார்!' என்று யாராவது தொடை தட்டுவார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் உறுத்தும். கார் தோற்றுப்போன கதை ஐயா இது. ஏற்றியது டிரைவர். உங்கள் நாலு பேரும் வாவிக்கரையில் பேசியதில் முக்கால்வாசி, காரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கைவேலையைப் பற்றிப் பேசியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா கொழும்பு ஹயர் வந்தால் போகும் முன் பொனட்டைத் திறந்து, எஸ்யூ காபரேட்டரின் அடியில் உள்ள அறுகோண நட்டை, அதன் ஆறு பக்கத்தில் ஒரு பக்க அளவு கீழே திருப்புவார். திரும்பி வந்ததும் அதே அளவு மேலே. மெல்லிசுக் காற்றுக்குப் பெற்றோலைக் குறைக்கிற கணக்கு. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதே கணக்கை இப்போது சென்சர் பார்த்து, கம்பியூட்டர் ஒரு நொடியில் பல தடவை போடுகிறது. அப்பாவைவிட நன்றாகவே போடுகிறது. ஆனால் அதைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. உங்கள் வருத்தம் அதுவென்றால் நான் உங்கள் கட்சி.

இரும்பு விஷயத்தில் நான் உங்கள் கட்சி இல்லை. தடித்த தகடு ஆளைக் காப்பாற்றும் என்பது வெறும் நம்பிக்கை. முட்டினால் புதிய காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கும். நொறுங்குவதற்கென்றே செய்திருக்கிறார்கள், அடியின் வேகத்தை அது தின்றுவிட்டுத்தான் உள்ளே விடும். மைனரில் அந்த அடி நேரே நமக்கு வரும். ஸ்டியரிங் தண்டு நெஞ்சை நோக்கி நீட்டிய ஈட்டி. பிரேக் நாலு சக்கரத்துக்கும் டிரம், அதற்கு ஒரே ஒரு குழாய் வழி. ஓர் இடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. அதனால்தான் பழைய டிரைவர்கள் 'ஏறின கியரிலேயே இறங்கு' என்றார்கள்.

அந்த விதி இன்னும் செத்துப்போகவில்லை, அதையும் அந்த வெசல் பையனுக்குச் சொல்லுங்கள். என் அக்வாவின் கியர் லீவரில், வழக்கமாக ஓட்டுகிற டி-க்குக் கீழே பி என்று ஒன்று இருக்கிறது. நாலு வருஷம் அதைத் தொடாமல் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். பெற்றோல் மிச்சம் பிடிக்கிற கியர் என்று ஒருவர் எனக்கு விளக்கமே கொடுத்தார். கணக்கைப் பாருங்கள். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,400 மீட்டர் கீழே வருகிறோம். ஆட்களோடு 1,200 கிலோ உள்ள கார் அவ்வளவு இறங்கும்போது விடுகிற சக்தி நாலரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பிரேக் பிடிக்கும்போது அந்தச் சக்தியைச் சேமிக்கிற அக்வாவின் பற்றரி முழுதாகவே ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்றாலும், பாதி வழியிலேயே பற்றரி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பிரேக்கில் வருகிற சக்தியைச் சேமிக்க இடமில்லை. அப்போது என்ஜினைச் சுழற்றித்தான் வேகத்தைக் கட்ட வேண்டும், பி அதற்குத்தான். முதல் தடவை அந்த என்ஜின் இரைச்சலைக் கேட்டு கார் பழுதாகிவிட்டது என்று மனைவி பயந்தாள். எனக்கு அப்பாவின் இரண்டாம் கியர் ஞாபகம் வந்தது.

புதிய கார் நம்மைக் கைவிடாது என்றும் சொல்ல மாட்டேன். போன வருஷம் றம்பொடை ஏற்றத்தில் டேஷ்போர்டில் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்து, கார் நகர மறுத்தது. லப்டொப்போடு ஒருவர் வந்து பார்த்து, "ஹைப்ரிட் பற்றரி சூடாகிவிட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒரு தொகை சொன்னார். கேட்டு எனக்கும் சூடாகிவிட்டது. இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் பாஸ் கம்பியூட்டரைத் திறக்கவே இல்லை. பின் சீட்டுக்குக் கீழே ஓரமாக உள்ள சின்ன வலைக்குள் விரலை விட்டு இழுத்தார். கரட் மண்! சந்தையில் வாங்கிய கரட்டும் லீக்ஸும் மூட்டையாகப் பின்னால் போட்டு, மேலே அம்மாவின் கம்பளியை விரித்து, பற்றரிக்குக் காற்றுப் போகும் வாயை நானே அடைத்திருக்கிறேன். பிரஷ், வேக்குவம், அரை மணி நேரம். அவருக்குப் பெரிய தொகை எதுவும் தேவைப்படவில்லை. பாஸ்மார் செத்துவிடவில்லை, பார்க்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

மைனர் இத்தனை வருஷம் இங்கே உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதன் தரம் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். அறுபதுகளிலிருந்து 1977 வரை வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. வேறு கார் வர வழியில்லாததால் இருந்ததைத் தட்டித் தட்டி ஓட்டினோம். அந்தத் தட்டலில் தேறியவர்கள் பிறகு இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் கடைக்கே இங்கிருந்து தகடு அடித்து அனுப்பினார்கள். 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில் திறந்தார்களே, அந்த ஐந்து வருஷத்தில் பழைய சுசுகி வேகன் ஆர் கார் கூட நகை மாதிரி விலை போனது. இன்னும் முப்பது வருஷத்தில் அதையும் வாவிக்கரையில் நிறுத்தி யாராவது கண் கலங்குவார்கள்.

ஒன்று, கேட்காததைச் சொல்கிறேன். 1 ஸ்ரீ நம்பரைப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அதைப் புதுசாகப் பெயின்ட் அடித்து வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1958 ஞாபகம் வரும். அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்தில் தமிழர்கள் தார் பூசியதும், பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசியதும், அதற்குப் பிறகு மே மாதத்தில் வந்த இனக்கலவரமும். உங்களைக் குறை சொல்லவில்லை. அப்பா காரிலும் அதே எழுத்துத்தான், அதைத் துடைத்துத் துடைத்து நானும் மினுக்கினேன்.

சரி, விற்பதா வேண்டாமா? விற்காதீர்கள். மகளுக்கு அக்வா வாங்கிக் கொடுங்கள், மைனரை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹக்கலை ஏற்றத்தில் கொதித்ததற்கு ரேடியேட்டரின் உள்ளே படிந்த காறையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஃபேன் பெல்ட்டையும் அமுக்கிப் பாருங்கள். கொதித்தவுடன் ரோட்டோரப் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள், சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ஜின் வெடிப்பு விடும். அப்பா மூடியில் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு ஒரு பீடி முடியும் மட்டும் காத்திருப்பார். அப்புறம், டிரைவர் காலடியில் கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு சின்னத் தகடு இருக்கும். பிரேக் ஒயில் ஊற்றும் வாய் அதற்குக் கீழேதான். கண்ணில் படாத இடம் என்பதால் முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுவார்கள். வெலிமடைப் பக்கம் இறங்கும் முன் அதைப் பாருங்கள்.

அடுத்த ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கிளம்பும்போது ஒரு கோல் போடுங்கள். வெலிமடைச் சந்தியில் நிற்கிறேன். பின் சீட்டில் தூணுக்குப் பக்கத்தில் இடம் வையுங்கள், கை சிக்கினால் ஆள் வேண்டுமே.

அன்புடன்,
தம்பி