பெரிய செஸ் ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரியும் தவறு, ஆடுபவருக்கு ஏன் தெரிவதில்லை?

நல்ல கேள்வி, ஏனென்றால் 2024 டிசம்பர் 12 அன்று சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து உலக சாம்பியன்ஷிப்பில் நம்ம குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆடிய 14-வது, கடைசி ஆட்டத்தைப் பார்த்தபோது இதே சண்டைதான் நடந்தது. இருவருக்கும் 6.5 புள்ளிகள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா என்றே எல்லாரும் நினைத்தோம். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்ததும் திரையின் ஓரத்துப் பட்டை சரிந்தது, வீடே கத்தியது.

ஆனால் அந்தப் பட்டை, யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி போடும் மதிப்பு. "இங்கே ஏதோ இருக்கிறது" என்று அது சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது, மீதியை நாம் தேடிக்கொள்கிறோம். ஆடுபவருக்கு அந்த மணியை யார் அடிப்பார்கள்? கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆடிக் களைத்தவர் டிங், யானைகள் வெட்டுப்பட்டால் டிரா எளிது என்று நினைப்பது இயல்புதான். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் மாட்டியிருந்ததால், குகேஷ் யானையை வெட்டிவிட்டு டி5-இல் பிஷப்பை வைத்தார், அதையும் மாற்றிக்கொண்டே ஆக வேண்டிய நிலை, அப்புறம் டிங்கின் ஒரு சிப்பாய்க்கு எதிராக குகேஷின் இரண்டு சிப்பாய்கள், ராஜாக்கள் மட்டும். 58 நகர்த்தலில் முடிந்தது, 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

சரி, நீங்களே சோதித்துப் பாருங்கள்: அடுத்த முறை பட்டையை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, பக்கத்தில் பலகை வைத்து, ஒவ்வொரு நகர்த்தலையும் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் பார்க்கிறோம்.