தீர்த்தத் திருவிழாப் படங்களைச் சிறிதாக்கி அனுப்புதல்

கேள்வி: மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தின்போதும், வீடு திரும்பும் வழியில் பழைய கல்லடிப் பாலத்தடியிலும் 24 மெகாபிக்சல் கமராவில் எடுத்த படங்களில் 12ஐக் கனடாவிலுள்ள மாமாவுக்கு அனுப்ப முயன்றேன். ஒவ்வொன்றும் 9 மெகாபைட் அளவில் இருப்பதால் ஜிமெயில் ஏற்கவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பினால் முகங்கள் தெளிவில்லை என்கிறார். 72 டிபிஐக்கு மாற்றும்படி நண்பர் ஒருவர் சொன்னார். மாற்றியும் கோப்பு சிறுக்கவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: நண்பர் சொன்ன டிபிஐயிலிருந்தே தொடங்குகிறேன், பலரை வீணாக அலைக்கழிப்பது அதுதான். தாளில் அச்சிடும்போது ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகளை அடுக்குவது என்று சொல்லும் குறிப்பே டிபிஐ. அதை 300இலிருந்து 72ஆக மாற்றினாலும் படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகளான பிக்சல்களில் ஒன்றுகூடக் குறையாது. நீங்கள் குறைக்க வேண்டியது பிக்சல்களின் எண்ணிக்கையை.

24 மெகாபிக்சல் கமராவின் படம் பொதுவாக 6000க்கு 4000 பிக்சல், அதாவது 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் கொண்டது. மாமாவின் கணினித் திரை வழக்கமான 1920க்கு 1080 அளவினதாக இருந்தால், அது ஒரே நேரத்தில் காட்டக்கூடியது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகளைத்தான். ஆகவே நீண்ட பக்கத்தை 2048 ஆக்குங்கள். குறுகிய பக்கம் தானாகவே 1365 ஆகிவிடும். முகநூலுக்கும் அதே அளவு பொருந்தும். நீளமும் அகலமும் சேர்ந்தே சுருங்குவதால் பிக்சல்கள் எட்டிலொரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. 9 மெகாபைட் படம் பெரும்பாலும் 1 மெகாபைட்டை ஒட்டி வந்து நிற்கும். ஜிமெயிலின் வரம்பு 25 மெகாபைட் என்பதால் 12 படங்களும் ஒரே மின்னஞ்சலில் அடங்கும்.

இதற்கு இர்ஃபான்வியூ என்ற சிறிய மென்பொருள் போதும். வீட்டுப் பாவனைக்கு அது இலவசம். அதன் அளவு மாற்றும் பெட்டியில் ‘ரீசைஸ்’, ‘ரீசாம்பிள்’ என்று இரண்டு தெரிவுகள் உண்டு. இரண்டும் ஒன்றே என்று எண்ணி முதலாவதைத் தெரிவு செய்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். உங்கள் பாலத்துப் படத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ‘ரீசைஸ்’ இடையிடையே பிக்சல்களைத் தூக்கி எறிந்து சுருக்குவதால், குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் இரும்புச் சட்டங்களின் சாய்ந்த கோடுகள் படிக்கட்டுப் போல உடைந்து தெரியும். ‘ரீசாம்பிள்’ அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து கணக்கிட்டுப் புதிய பிக்சலை உருவாக்குவதால் அதே கோடுகள் வழுவழுப்பாக இருக்கும். சற்று மென்மையாகிவிட்டதாகத் தோன்றினால், அதே பெட்டியில் சுருக்கியபின் கூர்மையாக்கும் தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முகங்களை நெருக்கமாக எடுத்த படங்களுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை, தோல் சொரசொரப்பாகிவிடும்.

சேமிக்கும்போது, கமராப் படங்களுக்கு வழக்கமான கோப்பு வகையான ஜேபெக்கின் தரத்தை 85 அளவில் வையுங்கள். 100இல் வைத்தால் கோப்பு பெருக்குமே தவிர, கண்ணுக்குப் பெரிதாக வேறுபாடு தெரியாது. 60க்குக் கீழே இறங்கினால் தீர்த்தக் குளத்துக்கு மேலுள்ள வெறும் வானத்தில் சதுரம் சதுரமாகத் திட்டுகள் தெரியத் தொடங்கலாம். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதன் விளைவு அது.

சுருக்கிய படங்களை வேறொரு கோப்புறையில் சேமியுங்கள், மூலப் படத்தின் மேலேயே ஒருபோதும் சேமிக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் தங்கையின் பூப்புனித நீராட்டு விழாப் படங்கள் முழுவதையும் 800 பிக்சலுக்குச் சுருக்கி அதே பெயரிலேயே சேமித்துவிட்டேன். அம்மா பெரிதாக ஒன்றை அச்சிட்டுச் சுவரில் மாட்டக் கேட்டபோது என்னிடம் முத்திரை அளவுக்கே தகுதியான படங்கள்தான் இருந்தன. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் சிறிது இழக்கப்படுகிறது என்பதால், சுருக்குவதையும் எப்போதும் மூலத்திலிருந்தே செய்ய வேண்டும்.

வட்ஸ்அப்பில் முகங்கள் மங்கியதற்குக் காரணம், சாதாரணமாகப் படம் என்று அனுப்பினால் அந்தச் செயலி தானே மறுபடி சுருக்கிவிடுவதுதான். அங்கே படத்தை ‘டொகியுமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும். ஆனால் அப்படி அனுப்பும்போது படம் எடுத்த நாள், கமராவின் விபரம், கைத்தொலைபேசிப் படமென்றால் சில வேளைகளில் எடுத்த இடத்தின் அமைவிடம்கூடக் கோப்போடு சேர்ந்தே செல்லும் என்பதையும் கவனத்தில் வைத்திருங்கள். மாமாவுக்கு அனுப்புவதில் பிரச்சினை இல்லை, முன்பின் தெரியாதவர்கள் உள்ள குழுக்களில்தான் அவதானம் தேவை.

மாமா எதையாவது சட்டமிட்டு மாட்ட விரும்புகிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஏ4 தாளில் 300 டிபிஐ தரத்தில் அச்சிட 3508க்கு 2480 பிக்சல் வேண்டும். 2048 அதற்குப் போதாது. அவர் தெரிவு செய்யும் ஒன்றிரண்டு படங்களின் மூலக் கோப்புகளைக் கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பை மட்டும் அனுப்புங்கள்.