அப்பா எரித்த புத்தகங்கள்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவன், இப்போது சென்னை லீக்கில் ஒரு கிளப்புக்கு ஆடுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவன் ஃபேஸ்புக்கில் ஓயாமல் அரசியல் எழுதுகிறான். கோச் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். நான் கேட்டால், பிரேசில் கால்பந்து வீரர் சாக்ரடீஸ் படத்தைக் காட்டி, "இவர் பேசலையா, கேப்டன் ஆகலையா?" என்கிறான். போன வாரம் கோபத்தில் போனைப் பிடுங்கி அவன் எழுதியதையெல்லாம் நானே அழித்துவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் செய்தது தப்பா?
– ஒரு தாய், சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தப்புதான். ஆனால் பயத்தில் செய்த தப்பு. இதே தப்பைச் செய்த ஓர் அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மகன் காட்டுகிற படத்தில் இருப்பவருடைய அப்பாதான் அவர்.

பெயர் ரைமுண்டோ. வறுமையில் பிறந்து, தானாகவே படித்து அரசாங்க வேலைக்கு வந்தவர். புத்தகப் பைத்தியம். கிரேக்கர்கள்மேல் இருந்த பிரியத்தில் பிள்ளைகளுக்கு சாக்ரடீஸ், சோஸ்தெனிஸ், சோஃபோக்ளிஸ் என்று பெயர் வைத்தார். 1964-இல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, வீட்டில் இருந்தால் வம்பு என்று பயந்து தன் புத்தகங்களைத் தானே எரித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மூத்த மகனுக்கு அப்போது 10 வயது. தனக்கு அரசியல் அக்கறை எங்கே தொடங்கியது என்று கேட்கும்போதெல்லாம் சாக்ரடீஸ் அந்த நெருப்பைத்தான் நினைவுகூர்ந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற அப்பா செய்த காரியம்தான் மகனுக்கு எதைக் காப்பாற்ற வேண்டும் என்று காட்டியது. நீங்கள் அழித்ததும் உங்கள் மகனுக்குள் அப்படித்தான் போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, "இவர் கேப்டன் ஆகலையா" என்ற கேள்விக்கு வருவோம். ஆனார். 1982 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு அவர்தான் கேப்டன். ஆனால் உங்கள் மகன் அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்க வேண்டும். சாக்ரடீஸ் மருத்துவம் படித்தவர். ஊரிலிருந்த போட்டாஃபோகோ கிளப்புக்கு ஆடிக்கொண்டே படித்தார், படிப்பை முடித்த பிறகுதான் 1978-இல் பெரிய கிளப்பான கொரிந்தியன்ஸுக்குப் போனார். பந்து கைவிட்டாலும் சோறு போட ஒரு தொழில் இருந்தது. கிளப்புக்காரர்கள் மிரட்டினால் மிரளாமல் இருக்க அது எவ்வளவு உதவியிருக்கும்!

அப்புறம், அவர் தனியாகப் பேசவில்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அங்கே மேட்சுக்கு முன்னால் வீரர்களை, கல்யாணமானவர்களையும் சேர்த்து, ஹோட்டலில் அடைத்து வைக்கிற வழக்கம் இருந்தது. 1982-இல் அடில்சன் மொன்டேரோ ஆல்வெஸ் என்ற சமூகவியல்காரர் கொரிந்தியன்ஸின் கால்பந்து இயக்குநராக வந்து, வீரர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார். சாக்ரடீஸ், விளாடிமிர், இளைஞரான காசாகிராண்டே எல்லாரும் சேர்ந்து கிளப்பில் எதையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வது என்று கொண்டுவந்தார்கள். உடைகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு ஓட்டு, நட்சத்திர வீரருக்கும் ஒரு ஓட்டு. நாட்டில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மக்களுக்கு ஓட்டு இல்லாத காலத்தில், ஒரு கால்பந்துக் கிளப்பில் சாப்பாட்டுக்கு பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக்கூட ஓட்டு! கொரிந்தியன்ஸ் ஜனநாயகம் என்று அதற்குப் பெயரே வந்தது. எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை, கோல்கீப்பர் லியாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. ஆனாலும் அவரும் சேர்ந்து ஆடி 1983-இல் ஜெயித்தார்கள். 1982, 1983 இரண்டு வருஷமும் சாவ் பாவ்லோ மாநிலப் பட்டம் அவர்களுக்குத்தான். தோற்றிருந்தால் "இவனுங்களுக்கு அரசியல் எதுக்கு" என்று ஒரே வாரத்தில் மூடியிருப்பார்கள். உங்கள் மகன் காலையில் பயிற்சிக்கு ஒழுங்காகப் போகிறானா என்று கேளுங்கள், அது முக்கியம்.

1982 நவம்பர் தேர்தலுக்கு முன் சட்டையின் முதுகில் "15-ஆம் தேதி ஓட்டுப் போடுங்கள்" என்று எழுதிக்கொண்டு ஆடினார்கள். யாருக்கு என்று எழுதவில்லை. 1984 ஏப்ரலில் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சாவ் பாவ்லோவில் லட்சக்கணக்கானவர்கள் கூடியபோது, சாக்ரடீஸ் மேடையேறி, அந்தச் சட்டத்திருத்தம் நிறைவேறினால் இத்தாலிக்கு ஆடப் போகமாட்டேன் என்றார். நாடாளுமன்றத்தில் தேவை 320 ஓட்டு, கிடைத்தது 298. இத்தாலியின் ஃபியோரெண்டினா கிளப்புக்குப் போனார், ஒரே சீசனில் திரும்பி வந்துவிட்டார். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடி அவரை விடவில்லை, 2011 டிசம்பர் 4 அன்று 57 வயதில் போய்விட்டார். அதையும் உங்கள் மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் போன அன்றைக்கே கொரிந்தியன்ஸ் தேசிய லீக் பட்டத்தை வென்றது. ஆட்டம் தொடங்கும் முன் வீரர்கள் நடுவட்டத்தில் நின்று, கோல் அடித்தால் அவர் செய்வதுபோல முஷ்டியை உயர்த்தினார்கள்.

உங்கள் பயம் வெறும் பயம் என்று நான் சொல்லமாட்டேன். சிலியின் கால்பந்து வீரர் கார்லோஸ் கஸேலி, சர்வாதிகாரி பினோசெட்டுக்குக் கை கொடுக்க மறுத்தார். அவருடைய அம்மாவைப் பிடித்துக்கொண்டுபோய் சித்திரவதை செய்தார்கள். ஆனால் 1988-இல் பினோசெட் தொடரலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது அந்த அம்மாவே டிவியில் தனக்கு நடந்ததைச் சொன்னார், மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இவர்தான் என் அம்மா என்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

உங்கள் மகன் இருப்பது அந்தச் சிலியில் இல்லை. அவனுக்கு வரக்கூடிய சிக்கல் வேறு. அரசு வேலையில் சேர்ந்தால் நடத்தை விதிகள் உண்டு, கட்சி அரசியலில் இறங்க முடியாது, அதைத் தெரிந்துகொண்டுதான் விண்ணப்பம் போட வேண்டும். யாரையும் சாதி, மதம் சொல்லித் திட்டி எழுதியிருந்தால் அதை அவனே எடுத்துவிடட்டும். டிகிரியை முடிக்கட்டும். கிளப்பில் பயணப்படி பாக்கி, காயம் பட்டவனுக்கு வைத்தியச் செலவு என்று ஏதாவது பிரச்சினை இருந்தால் முதலில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அதைப் பேசட்டும், சாக்ரடீஸும் தன் டிரெஸ்ஸிங் ரூமில்தான் தொடங்கினார்.

ஆனால் இதையெல்லாம் இன்றைக்கே சொல்லாதீர்கள். இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது, "உன்னைக் கேக்காம அழிச்சது தப்புப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், அழித்ததில் எது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதோ அதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கோபத்தில் அழித்தபோது அதில் ஒன்றையாவது முழுசாகப் படித்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.