பச்சைத் துண்டில் அழுக்கே வரவில்லையே, டாக்டர்!

தென் கொரியாவில் சுவோன் நகரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கணவரின் வேலைக்காக இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மா புத்தாண்டுக்கு முன்னால் உள்ளங்கை அளவில் ஒரு பச்சைத் துண்டு கொடுத்து, 'இதால் தேய்த்துக் குளி, உடம்பு பட்டுப் போல ஆகிவிடும்' என்றார். ஷவர் ஜெல் போட்டுத் தேய்த்தேன், ஒன்றுமே வரவில்லை. அழுத்தித் தேய்த்தேன். இரண்டு நாள் எரிந்தது. இப்போது முன்கையில் பழுப்பாக ஒரு பட்டை தெரிகிறது. பொதுக் குளியல் கூடத்துக்குப் போகக் கூச்சம், வீட்டில் தொட்டியும் கிடையாது. இதைச் சரியாகச் செய்வது எப்படி? வாரம் ஒரு தடவை செய்யலாமா? நிறம் தெளியுமா? வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு சேர்த்துச் செய்யலாமா? ஆறு வயது மகளுக்கும் தேய்த்துவிடலாமா?"

முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். இன்னும் ஒரு மாதத்துக்கு அந்த இடத்தில் துண்டு, பீர்க்கங்கூடு, ஸ்கரப் எதுவும் படக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் காய்வதற்குள் வாசலின் தடவுங்கள். வெளியே போகும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள், இல்லையென்றால் சன்ஸ்கிரீன். வெயில் பட்டால் அந்தப் பழுப்பு அடர்ந்துவிடும். நீர் வடிந்தாலோ அரிப்பு கூடினாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கொரியாவில் தோல் மருத்துவத்துக்கு 'பிபுக்வா' என்று பெயர். பலகையில் இந்தச் சொல் கிளினிக்கின் பெயரோடு சேர்ந்தே இருந்தால் அங்கே இருப்பவர் தோல் நிபுணர். பெயருக்குப் பின்னால் 'சிகிச்சைப் பிரிவு' என்று தனியாகக் குறிப்பிட்டு எழுதியிருந்தால், அவர் தோல் பிரச்சினைகளையும் பார்க்கிற வேறொரு மருத்துவர்.

சரி, துண்டுக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பதை அங்கே எல்லாரும் 'இத்தாலி துண்டு' என்றுதான் சொல்வார்கள். பிறந்தது புசானில், 1960-களில். இத்தாலியிலிருந்து வந்த விஸ்கோஸ் ரேயான் துணியில் தைத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முறுக்கேறிய நூலில் நெய்த துணி அது, தொட்டால் மணல் காகிதத்தின் தங்கை மாதிரி இருக்கும். அதால் தேய்க்கும்போது திரண்டு வருவதை 'தே' என்பார்கள், தேய்க்கிற வேலைக்குப் பெயர் 'தேமிரி'. குளியல் கூடங்களில் காசு வாங்கிக்கொண்டு தேய்த்துவிடுகிறவர்களுக்கு 'செசின்சா' என்று பெயர். புசான் பக்கத்துக் குளியல் கூடங்களில் முதுகு தேய்க்க மெஷினே இருக்கிறது. சுழலும் வட்டத் தட்டில் இதே துண்டை மாட்டியிருப்பார்கள், முதுகைக் காட்டி உட்கார வேண்டியதுதான்.

'தே' என்றால் அழுக்கு என்றுதான் அவர்களே சொல்வார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி தோலின் மேலடுக்கில் இறந்துபோன செல்கள். கூடக் கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் வியர்வை உப்பும் இருக்கும். தோல் கீழிருந்து புதிதாக வளர்ந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது. தானாக, கண்ணுக்குத் தெரியாமல் உதிரப் போவதை மொத்தமாகத் திரட்டி எடுப்பதுதான் இந்தக் குளியல். அதனால் 'தேய்க்கத் தேய்க்க வருகிறதே, அவ்வளவு அழுக்கா' என்று தேய்த்துக்கொண்டே போகக் கூடாது. தேய்த்தால் வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் நீங்கள் உரிப்பது உடம்புக்கு வேண்டிய தோலை.

உங்களுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்பதற்கு, நான் புசானில் இருந்த இரண்டு வருடத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டிக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. ஹல்மொனி என்றுதான் கூப்பிடுவேன். அவர் குளியலறையில் சிவப்பு ரப்பர் தொட்டி ஒன்று உண்டு. நவம்பரில் கிம்ச்சிக்கு முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போடுவதும் அதில்தான், நன்றாகக் கழுவிவிட்டு வெந்நீர் நிரப்பி ஆள் உட்காருவதும் அதில்தான். வீட்டில் குளியலறை இல்லாத காலத்தில் அடுப்படியில் பெரிய இரும்புப் பானையில் தண்ணீர் காய்ச்சி, இப்படி ஒரு தொட்டியில்தான் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தேய்ப்பார்களாம். என்னை அதில் உட்காரச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் எழுந்தேன். தோளில் கை வைத்து அழுத்தி, "ஆஜிக்" என்றார். இன்னும் இல்லை என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் மறுபடி எழுந்தேன். மறுபடி "ஆஜிக்". அப்புறம் என் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, முழங்கைக்கு உட்புறம் தன் கட்டைவிரலை வைத்து ஒரு இழு இழுத்தார். விரலடியில் ரவை மாதிரி சின்னச் சின்னதாக உருண்டது. அப்போதுதான் துண்டைக் கையில் எடுத்தார். தேய்த்தபோது வலிக்கவே இல்லை. இடியாப்ப இழை ஒடிந்து விழுவது போலச் சாம்பல் நிறத்தில் வந்து விழுந்தது.

அந்தக் கட்டைவிரல் சோதனையை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். விரலுக்கு உருளாத தோல் துண்டுக்கும் தயாராக இல்லை, இன்னும் ஊற வேண்டும். நீங்கள் ஊறவே இல்லை, போதாததற்கு ஜெல் வேறு போட்டிருக்கிறீர்கள். சோப்பு வழுக்கும், துணி பிடிக்காமல் சறுக்கும், பிடிக்கவில்லையே என்று நாம் அழுத்துவோம். புண்ணாவது இப்படித்தான். பொதுக் கூடங்களில் தொட்டியில் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிப்பது மரியாதை, ஆனால் பிசுக்கில்லாமல் அலசிவிடுவார்கள். தேய்க்கும்போது சோப்பு கிடையாது.

தொட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது? கொரியக் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருப்பதால் நம் ஊர் மாதிரி தாராளமாகத் தண்ணீர் விடலாம். ஒரு பிளாஸ்டிக் முக்காலி, ஒரு பேசின், அங்கே 'பகாஜி' என்கிற சொம்பு ஒன்று இருந்தால் போதும். கதவைச் சாத்தி வெந்நீர் ஷவரைத் திறந்துவிட்டு அறையில் ஆவி நிறையட்டும். முக்காலியில் உட்கார்ந்து, காலைப் பேசினில் வைத்து, பத்து நிமிடம் உடம்பில் தண்ணீர் ஓட விடுங்கள். தண்ணீர் 38 முதல் 40 டிகிரி இருந்தால் சரி. சுடச்சுட விட்டால் சீக்கிரம் ஊறும் என்று நினைக்காதீர்கள், தோல் வறண்டுதான் போகும். அப்புறம் இரண்டு பருத்தித் துண்டுகளை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, எந்த இடத்தைத் தேய்க்கப் போகிறீர்களோ அங்கே சுற்றி வையுங்கள். ஆறினால் மறுபடி நனைத்துச் சுற்றுங்கள். இன்று இரண்டு கை, அடுத்த வாரம் இரண்டு கால் என்று பிரித்துக்கொள்வது உங்களுக்கு நல்லது. மடக்கி வைக்கிற தொட்டியும் கடைகளில் கிடைக்கிறது, இடம் இருந்தால் வாங்கலாம். எப்படிச் செய்தாலும் வெறும் வயிற்றில் வேண்டாம், முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம். வெந்நீரில் உட்கார்ந்து எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். நான் ஒரு தடவை சுவரைப் பிடித்து நின்றிருக்கிறேன்.

இனித் தேய்ப்பது. தோலில் ஒழுகும் தண்ணீரை ஒற்றி எடுங்கள், ஈரம் மட்டும் இருக்கட்டும். துண்டை நனைத்து நன்றாகப் பிழிந்து கையுறை மாதிரி மாட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி நீளமாக, ஒரே போக்கில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். சாப்பிட உட்காரும்போது வாழை இலையில் தண்ணீர் தெளித்துக் கையால் துடைப்போமே, இலை கிழியாத அந்த அழுத்தம் போதும். ஒரு இடத்தில் ஐந்தாறு இழுப்பு, அப்புறம் நகர்ந்துவிடுங்கள். முகம், கழுத்தின் முன்பக்கம், மார்பு, அந்தரங்க இடங்கள் வேண்டவே வேண்டாம். மருக்கள், பரு, படை, சவரம் செய்த இடம், வெயிலில் கன்றிய இடம் இவற்றையும் விட்டுவிடுங்கள். முழங்கைக்கு மேலே கோழித்தோல் மாதிரி புள்ளிகள் இருந்தால் தேய்த்துப் போக்க முடியாது, அதற்கு யூரியா கலந்த கிரீம் இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

எப்போது நிறுத்துவது என்பதை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். தோல் லேசாகச் சிவந்ததும் நிறுத்து என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்வார். அவர் தோலில் அது தெரியும். நம் மாநிறத்தில் சிவப்பு அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது, படும்போது காரியம் மிஞ்சியிருக்கும். அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். தேய்த்த இடம் பக்கத்து இடத்தைவிடச் சூடாக இருந்தால் நிறுத்துங்கள். சுரீர் என்றாலோ மெழுகு தடவியது போல மினுங்கினாலோ ஏற்கனவே அதிகமாகிவிட்டது.

நிறம் தெளியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெளியாது. ஒரு நாள் மழமழவென்று இருக்கும், அவ்வளவுதான். நம் தோலில் உரசல் விழுந்த இடமெல்லாம் பின்னால் கறுக்கும். நைலான் துண்டால் விடாமல் தேய்த்தவர்களுக்குக் காறை எலும்பு, முதுகுத்தண்டு, முழங்கால் முன்னெலும்பு மேலெல்லாம் கருமை படர்வதை ஜப்பான் மருத்துவர்கள் 1980-களிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரிலும் நார் போட்டுத் தேய்க்கிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். வந்துவிட்டால் மறைய மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். கழுத்துக் கருமையையும் முழங்கை கறுப்பையும் போக்க என்று மட்டும் இந்தத் துண்டை எடுத்துவிடாதீர்கள்.

வாரம் ஒரு தடவை என்பது கொரியாவில் நெடுநாள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குளியல் கூடம் போய், முடித்ததும் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரா குத்தி வாழைப்பழப் பால் வாங்கித் தருவதை அங்கே நடுவயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஆசையாகச் சொல்வார்கள். அந்தப் பால் 1974-இல் வந்தது. புத்தாண்டு, சூசோக் பண்டிகைக்கு முன்னால் கூடங்களில் கூட்டம் நெரியும். அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் அங்குள்ள தோல் மருத்துவர்களே இப்போது அடிக்கடி தேய்க்காதே என்கிறார்கள். குளிர்காலத்தில் காற்று வறண்டு கிடக்கும், வீட்டில் தரைக்கு அடியில் ஓந்தோல் சூடு ஓடிக்கொண்டே இருக்கும், அதோடு தேய்ப்பும் சேர்ந்தால் வயதானவர்களுக்குக் காலில் வெடிப்பும் அரிப்புமாக எக்ஸிமா வருகிறது. நீங்கள் நான்கு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போக வேண்டாம். கையும் காலும் தனித்தனி நாளில் செய்தாலும் அதே இடத்துக்கு நான்கு வார இடைவெளி வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை விட்டுவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

எண்ணெய்க் குளியலோடு சேர்க்காதீர்கள். எண்ணெய் இருந்தால் சோப்பு மாதிரியே துணி சறுக்கும். எண்ணெய் போக வேண்டும் என்று சீயக்காய் போட்டால், அதன் மேல் துண்டும் விழுந்தால், தோலுக்கு இரட்டைச் சுமை. ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் என்றால் துண்டை வேறு வாரத்துக்கு வையுங்கள். தேய்த்து முடித்த பிறகு எண்ணெய் நல்ல துணை. மென்மையான சோப்பை ஒரு தடவை நுரையோடு பூசி அலசி, ஒற்றித் துடைத்து, மூன்று நிமிடத்துக்குள் தேங்காய் எண்ணெயோ செராமைடு கிரீமோ தடவிவிடுங்கள்.

பழைய கொரியக் குளியலில் இந்த முரட்டுத்தனம் இல்லாத வழிகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது நன்றாக ஒத்துவரும். 1123-இல் அங்கே போன சீனத் தூதர் சூ ஜிங், இந்த மக்கள் காலையில் எழுந்ததும் குளிக்காமல் வெளியே போவதில்லை, கோடையில் இரண்டு வேளை குளிக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். பிற்காலத்தில் சோப்புக்குப் பதில் பாசிப்பயறையும் சிவப்புக் காராமணி வகையையும் அரைத்த மாவைப் பூசினார்கள். நம் வீட்டுப் பயத்தமாவேதான். ஐந்தாம் சந்திர மாதம் ஐந்தாம் நாள் வரும் தானோ திருநாளில் பெண்கள் சாங்போ செடி கொதித்த தண்ணீரில் தலை அலசுவார்கள். சாங்போ வேறொன்றுமில்லை, பிள்ளை வளர்க்கிற வீடுகளில் நாம் வைத்திருக்கும் வசம்புதான். துண்டு வேண்டாம் என்று தோன்றுகிற மாதங்களில் பயத்தமாவைக் குழைத்துப் பூசி அலசிக்கொள்ளுங்கள், உடம்பு சொல்வதைக் கேட்கும்.

கூச்சம் குறைந்து வெளியே போகத் தோன்றினால், ஒருவர் மட்டும் தனியறையில் தொட்டியில் ஊறித் தேய்த்துக்கொள்கிற செசின் கடைகள் சில வருடங்களாக வந்திருக்கின்றன. சுவோனிலிருந்து முதலாம் எண் மெட்ரோவில் ஏறினால் இறங்கி மாறாமலே ஓன்யாங் வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகலாம். 1433-இல் செஜோங் மன்னர் உடல்நலத்துக்காகப் போய்த் தங்கிய அதே ஊர். தேய்க்கிறவரிடம் "சால்சால்" என்று சொல்லுங்கள், மெதுவாக என்று புரிந்துகொள்வார். சொல்லாவிட்டால் அவர் கை வழக்கமான வேகத்தில்தான் போகும்.

மகளுக்கு வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் தோல் மெல்லியது, உதிர வேண்டியது தானே உதிர்ந்துவிடும். பக்கத்து வீட்டு அம்மா பேரப்பிள்ளைக்குச் செய்கிறாரே என்று நினைக்காதீர்கள். அம்மா மடியில் அழுதுகொண்டே தேய்ப்பு வாங்கியது அங்கே பலருக்கும் நினைவிருக்கிறது. அவளுக்குக் கை விரல் சுருங்குகிற வரை வெந்நீரில் விளையாடவிட்டு, உங்கள் உள்ளங்கையாலேயே தேய்த்துவிடுங்கள். உங்கள் பச்சைத் துண்டை அவளிடமோ கணவரிடமோ கொடுக்கவும் கூடாது. மருவும், பிள்ளைகளுக்கு முத்து முத்தாக வருகிற மொலஸ்கமும் ஒரே துண்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும். உபயோகித்ததும் உட்புறத்தை வெளியே திருப்பிச் சோப்பால் அலசி, குளியலறைக்கு வெளியே காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். வாடை வந்தாலோ நூல் பிரிந்தாலோ தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், ஆயிரம் வோனுக்குக் கிடைக்கும்.