ஆறு மாத்திரை வெட்டித் தந்தார்கள், பில் இல்லை

கேள்வி: குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது என்று போய் ரெண்டு நாள் அருவியில் நின்றுவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். வந்ததிலிருந்து மூக்கொழுகல், இருமல், தொண்டை வலி. தெருமுனை மெடிக்கலில் சொன்னதும் ‘625’ என்று ஆறு மாத்திரை வெட்டித் தந்தார்கள். டாக்டர் சீட்டு கேட்கவில்லை, பில்லும் தரவில்லை. நான்கு போட்டாயிற்று. சளி அப்படியே இருக்கிறது, வயிறுதான் போகிறது. போலி மாத்திரையாக இருக்குமோ? மீதி ரெண்டைத் திருப்பிக் கொடுத்தால் பணம் தருவார்களா?
- பேட்டை வாசகி

பதில்: வயிறு போவதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. நல்ல மாத்திரையும் அதைச் செய்யும். 625 என்பது 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த கணக்கு. அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்து மருந்து. பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்புவதைக் கெடுத்து அதைக் கொல்லும். சில பாக்டீரியாக்கள் இந்த மருந்தையே உடைத்துப்போடும் நொதியைச் சுரக்கும். அந்த நொதியை மடக்கத்தான் கிளாவுலானிக் அமிலம். வயிற்றைக் கலக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மூக்கொழுகலும் இருமலுமாக வரும் சளி பெரும்பாலும் வைரஸ் வேலை. வைரஸுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. மருந்து எதைப் போய்க் கெடுக்கும்? அருவியையும் குறை சொல்லாதீர்கள். சீசன் கூட்டத்தில், பஸ்ஸில், பக்கத்தில் இருமியவர் கொடுத்த பரிசாக இருக்கும். காதில் சீழ், பல் வேரில் சீழ், நாய்க்கடிப் புண் போன்றவற்றுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மருந்து இது. நாய்க்கடி என்றால் ரேபிஸ் தடுப்பூசி தனி, இந்த மாத்திரை அதற்கு மாற்று அல்ல.

ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தால் முடித்தாக வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது டாக்டர் பார்த்து இத்தனை நாள் என்று எழுதியதற்கு. இங்கே எழுதியவரே இல்லை. மீதி மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். மலத்தில் ரத்தம் வந்தால் நாளை வரை பொறுக்க வேண்டாம். உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்தால் உடனே 108.

இப்போது அந்த ரெண்டு மாத்திரை உள்ள அட்டைத் துண்டைக் கையில் எடுங்கள். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறதா? சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பல அட்டைகளில் ஒரு முனையில் மட்டும் இருக்கும். கடைக்காரர் எதிர் முனையிலிருந்து வெட்டியிருந்தால் உங்களிடம் இருப்பது வெறும் வெள்ளித் துண்டு. அதனால்தான் பில் கேட்கச் சொல்கிறேன்: மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஜிபே செய்திருந்தாலும் இன்ன தொகை போனது என்றுதான் காட்டும், எந்த மாத்திரைக்கு என்று காட்டாது.

வெட்டிய துண்டைப் பொதுவாகக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதில் நியாயமும் உண்டு. நீங்கள் அதை எந்த ஈரத்தில் வைத்திருந்தீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கிளாவுலானிக் அமிலம் ஈரம் பட்டால் கெடும். பணத்தை மறந்துவிடுங்கள். சீட்டில்லாமல் விற்றது வேறு விஷயம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். பில் தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: குழந்தைக்கு எழுதிய அமாக்சிசிலின் பாட்டிலில் வெறும் பவுடர்தான் இருக்கிறது. எப்படிக் கலப்பது? எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது.
- அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். நுரை அடங்கியதும் அளவு இறங்கும், இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டிவரும். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள், மருந்தின் வீரியம் கூடிவிடுகிறது. ஒவ்வொரு வேளையும் குலுக்கி, கூட வந்த மூடியில் அளந்து கொடுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம். கலந்தபின் எத்தனை நாள், எங்கே வைப்பது என்று லேபிளில் இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால், கலக்கும் முன்பே டாக்டரிடம் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். தண்ணீரில் கரையும் மாத்திரையாகவும் இதே மருந்து வருகிறது.

கேள்வி: சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்தது. இந்த அமாக்சிசிலின் மாத்திரை ஆகுமா?
- மேலப்பாளையம் வாசகர்

பதில்: டாக்டரிடம் அதைச் சொல்லாமல் போடாதீர்கள். பெயர்தான் வேறு, குடும்பம் அதே.